பச்சைப்பாம்பை உருவிய கை

கல்யாணமாகி ஐந்து மாதம் என் சமையலைச் சாப்பிட்ட பிறகும் என் கணவர் உயிரோடு இருந்தார். அதைத் தவிர அந்தச் சமையலைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவுமில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. தில்லை நகரில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஸ்ரீரங்கத்திலிருந்து மாமியார் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவர் சமையலுக்கு அந்தத் தெருவே மயங்கும். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

அவர் வரவேண்டிய நாள் காலையில் தோட்டத்தில் கறிவேப்பிலை பறிக்கக் கையை நீட்டினேன். ஒரு கொம்பு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பச்சைப்பாம்பு! பென்சில் பருமன், கூர்மூக்கு. நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா வேலியருகே ஓடிவந்தார். பயப்படுவார் என்று பார்த்தால், முகம் மலர்ந்துவிட்டது.

"அடி அதிர்ஷ்டக்காரி! தலையிலேருந்து வாலு வரைக்கும் மூணு தரம் உருவி விடும்மா. கைக்கு ருசி தானா வந்துடும்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று என் நிலைமை அப்படி. முதல் தரம் உருவினேன், குளுகுளுவென்று இருந்தது. இரண்டாம் தரத்துக்கும் பாம்பு சும்மாதான் இருந்தது. அப்போது பாதிச் சவரத்தோடு என் கணவர் கொல்லைப்படியில் வந்து நின்று அலறினார்.

"ஐயோ, அது கண்ணைக் கொத்தும்! கண்ணை மூடிக்க!"

மூடிக்கொண்டேன். கையை மட்டும் எடுக்கவில்லை. மூன்றாவது தரம் பாக்கி இருந்ததே! அதற்குள் பாம்பு திரும்பிவிட்டது போலிருக்கிறது. வால்வரை உருவிவிட்டதாக நினைத்து நான் பிடித்தது தலையை. ஆள்காட்டி விரலில் சுருக்கென்று ஒரு கடி. கண்ணைத் திறந்தபோது இலைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

தென்னூரில் ஒரு டாக்டர் விரலைக் கழுவி மருந்து போட்டார். "விஷம் கொஞ்சம்தான். பல்லி, தவளைக்குத்தான் ஆபத்து. உங்களுக்கு ரெண்டு நாள் வீங்கும்," என்றார். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டதற்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதாகச் சொன்னோம்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புளியைக் கரைத்தார். "நீ செஞ்சதுன்னே சொல்லிக்கலாம்," என்றார். அவருக்கு அடுப்பு மூட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாமியார் ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "நல்லா இருக்கும்மா," என்றார். விரல் கட்டுக்குக் காரணம் அரிவாள்மணை என்று சொல்லி வைத்தோம். சந்தோஷமும் வெட்கமுமாக நான் தலையே நிமிரவில்லை.

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட நான் மட்டும் போனேன். என் கட்டுப்போட்ட விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னமும் மிளகை முழுசாவேதான் போடுறான். நான் காய்ச்சலாக் கிடந்தப்ப, எட்டு வயசுல பழகினது. விரல் ஆறுற வரைக்கும் அவனையே செய்யச் சொல்லு. அப்புறம் நீ சமைச்சுப் போடு, வரேன். எப்படி இருந்தாலும் சாப்பிடுறேன்."

சொன்னபடியே வந்தார். சாப்பிட்டார், பாவம்.