கூகைக்கரட்டில் சங்கு ஊதினது யார்

ஆட்டையாம்பட்டிப் பக்கம் கல் பாலீஷ் போடும் பட்டறை இரண்டு, சொந்தமாக ஓடுகிற லாரிகள், ராசிபுரம் சாலையில் ஒரு கல்யாண மண்டபம், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மேல்மாடி, இரண்டு மகள்களுக்கும் இன்ஜினியர் படிப்பு. இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்த ஒருத்தன் செய்தது. யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவர்கள் பெயரை நானே சொல்லியிருப்பேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இதையெல்லாம் கட்டுவதற்கு முன்னால், பன்னிரண்டு வயசில் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை இப்போது வேறொருவர் கணக்கில் எழுதப் போகிறார்கள். அதனால்தான் இந்த வயசில் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

என் சின்ன வயசு என்றாலே முதலில் வருவது உளிச் சத்தம். எங்கள் ஊருக்குத் தெற்கே கூகைக்கரடு என்கிற பாறைக் குன்று, அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கரடுகள், மூன்றிலும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சம்மட்டி உளியில் விழுகிற ‘ணங், ணங்’ ஓயாது. அந்தச் சத்தத்துக்குள்தான் நாங்கள் சாப்பிட்டோம், சண்டை போட்டோம், காய்ச்சலில் படுத்துக் கிடந்தோம். அது காதில் விழுகிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. நின்றால்தான் தெரியும், அதுவோ பகலில் நின்றதே இல்லை.

அப்பா இல்லை. கிணறு வற்றிச் சோளக்காடு கரம்பாகிவிட்டதால் என் அண்ணன் பழனியப்பன் கூகைக்கரட்டுக் குவாரிக்குக் கல் உடைக்கப் போனான். பின்னாலேயே நானும் போய், உளிகளைக் கொல்லன் உலைக்கும் பாறைக்கும் சுமந்தேன். அந்த வருசம் மாசிக்குப் பிறகு வந்த வெயில் காலத்தில்தான் இத்தாலி தேசத்திலிருந்து கல் வாங்குகிற கம்பெனி ஓர் ஆளை அனுப்பியது. பெயர் ஜீனோ. ஊர் வாயில் விழுந்து ஒரு வாரத்தில் ‘சீனு தொரை’ ஆகிவிட்டார். சட்டைப் பையில் ஒரு சின்னச் சுத்தியல், கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா. வெட்டியெடுத்த கல்லின் மேல் தண்ணீரை ஊற்றி, கன்றுக்குட்டியைத் தடவுவதைப் போல உள்ளங்கையால் தடவி, சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, பிடித்திருந்தால் தம் அடையாளத்தைப் பெயிண்டால் போடுவார். அந்த ‘மார்க்’ விழாத கல் குவாரியை விட்டு நகராது.

குவாரிக் கொட்டகையிலேயே தங்கினார். சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து. ஒருநாள் தம் பெட்டியிலிருந்து குச்சி குச்சியாக நீளமாக ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, தண்ணீரில் வேக வைக்கும்படி கையால் காட்டினார். அம்மாவுக்கு அது சேமியாவென்று பட்டது. சேமியாவை வேறெப்படிச் செய்வார்கள்? ஒடித்துப் போட்டு, வெல்லமும் பாலும் ஊற்றி, ஏலக்காய் தட்டி, போசி நிறையக் கொடுத்தனுப்பினாள். சீனு தொரை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உப்பு இருக்கிறதா, தக்காளி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். போய்ச் சொன்னேன்.

“சேமியாவுல உப்பா? அந்தூர்ல பொம்பளைங்களே இல்லியா சாமி?” என்றாள் அம்மா.

நான் கொண்டுவந்த அந்தப் பதிலை, குவாரிக் கணக்கு எழுதுகிற ரைட்டர் இங்கிலீசில் மாற்றிச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்து போயின. தம் அம்மா இதைக் கேட்டால் எங்கள் அம்மாவோடு சண்டைக்கு வருவாள் என்றார். அவர் அம்மா வெயில் உச்சத்தில் கூடை கூடையாகத் தக்காளியைக் கொதிக்க வைத்துப் பாட்டிலில் அடைத்து ஒரு வருசத்துக்கு வைத்துக்கொள்வாளாம். தெருவே சேர்ந்து செய்யுமாம், நம் ஊரில் வடகம் பிழிவதைப் போல.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அண்ணன், நான், ரைட்டர் மூவரும் குவாரிப் புளியமரத்தடியில் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். பாதி ரைட்டர் சொல்லுவார், பாதியை அவர் கையே சொல்லிவிடும். இத்தாலி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் புளியமர நிழலில் தெரிந்ததுதான். தேசம் கடலுக்குள் கால் நீட்டியிருக்கிறது. ஒரு காலத்தில் பாதி உலகத்தை ஆண்ட ராஜாக்களின் தேசம், பிறகு துண்டு துண்டாக உடைந்து, ஊருக்கு ஊர் ஒரு கொடி, ஒரு கோட்டை என்று கிடந்து, அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில்தான் மறுபடி ஒட்டியதாம். அதனால் தெற்கத்திக்காரன் வீட்டுக்குள் பேசுவது வடக்கத்திக்காரனுக்கு விளங்காது. “நம்ம பேச்சை ஆத்தூர்க்காரன் கேலி பண்றாப்பல,” என்றான் அண்ணன். மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் நல்ல துணி உடுத்தி, ஊர் நடுவே இருக்கிற சதுக்கத்தில் குடும்பத்தோடு இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடப்பார்கள். எதற்கு என்றால் எதற்கும் இல்லை, பார்க்கவும் பார்க்கப்படவும். காப்பி ஒரு வாய்தான், நின்றுகொண்டே குடிப்பார்கள்.

அவர் ஊரோ மலை அடிவாரம். தூரத்தில் பார்த்தால் மலையெல்லாம் பனி விழுந்ததைப் போல வெள்ளையாக இருக்கும். அது பனி இல்லை, பளிங்கு. அந்தப் பழைய ராஜாக்கள் காலத்தில் அடிமைகளை வைத்து வெட்ட ஆரம்பித்தது, இன்னும் வெட்டித் தீரவில்லை. கோயில் கட்டியதும் அதில்தான், சிலை செதுக்கியதும் அதில்தான். கல் வெட்டுகிறவர்கள் பன்றிக் கொழுப்பை உப்பும் பூண்டும் போட்டுப் பளிங்குத் தொட்டியில் ஊற வைத்து, ரொட்டிக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் வைத்துத் தின்பார்களாம். அண்ணன் தன் பழைய சோற்றுப் போசியைக் காட்டி, “வெங்காயம் மட்டும் ரண்டூருக்கும் ஒண்ணுதானுங்க தொரை,” என்றான்.

இன்னொன்றும் சொன்னார். அவர்கள் மலையில் கல் விழுந்து ஓர் ஆள் செத்தால் கொம்பு ஊதுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் எல்லாக் குவாரியிலும் எல்லாரும் கருவியைக் கீழே வைத்துவிட்டு மலையை விட்டு இறங்கிவிடுவார்கள். முதலாளி யாராக இருந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அன்றைக்கு ஒரு கல் நகராது. அவருடைய அப்பாவுக்காக ஒருமுறை அப்படி மலை நின்றதாம்.

அண்ணன் போசியைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு, “இங்கெல்லாம் ஒருத்தன் செத்தா அடுத்த ஆளக் கூப்புடுவாங்க, அவ்வளவுதானுங்க,” என்றான்.

அந்தக் கோடை முடிவதற்குள் அண்ணன் போனான். பெரிய கல் ஒன்றை உருட்டுக்கட்டைகளின் மேல் வைத்துச் சங்கிலியால் இழுத்துப் பிடித்து லாரிக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். சங்கிலி அறுந்தது. கீழே கடப்பாரையோடு நின்றவன் அவன். இதற்கு மேல் அதை எழுத என்னால் ஆகாது.

குவாரிக்காரர் ஜீப்பில் வந்தார். பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஆனது ஆயிப்போச்சு. ஊட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்கப்பா. லாரி பொழுதோட கெளம்பணும், மெட்ராசுல கப்பல் நிக்குது.”

சீனு தொரை பெயிண்ட் டப்பாவை மூடினார். இறங்காமல் பாதியில் நின்ற அந்தக் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“இன்னிக்கு மார்க்குப் போட மாட்டாராமுங்க,” என்றார் ரைட்டர். “எந்தக் கல்லும் எறங்கப்படாதாமுங்க. கொம்பு எங்கன்னு கேக்கறாருங்க.”

“என்னய்யா கொம்பு? இவரு கம்பெனிக்கு இப்பவே தந்தியடிக்கிறேன்னு சொல்லு.”

ரைட்டர் சொன்னார். அவர் அசையவில்லை. ஆனால் ஒற்றை ஆள் உட்கார்ந்து என்ன ஆகும்? அடுத்த இரண்டு கரட்டிலும் ‘ணங், ணங்’ கேட்டுக்கொண்டேதான் இருந்தது. எங்கள் கரட்டிலேயே மேஸ்திரி போட்ட அதட்டலில் மேல்பாறையில் இரண்டு பேர் மறுபடி சம்மட்டியைத் தூக்கிவிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. என் அண்ணன் செத்த நாளும் நேற்றைப் போலவே இருந்துவிட்டுப் போகப் போகிறது என்று தோன்றியது.

சாவுக்குச் சங்கு ஊதுகிற மாரியண்ணன் சேதி கேட்டு வந்து குவாரி வாசலில் நின்றிருந்தார். தொழில் நடக்கிற இடத்தில் சாவுச்சங்கு ஊதக் கூடாதென்று காவல்காரன் அவரை உள்ளே விடவில்லை. நான் ஓடிப்போய் அவர் கையிலிருந்த சங்கைப் பிடுங்கினேன்.

“சாமி, வேண்டாஞ் சாமி, நீங்க அதை வாயில வெக்கப்படாதுங்க,” என்று கத்தினார் அவர்.

கூகைக்கரட்டின் உச்சிக்கு ஏறினேன். முதலில் ஊதியபோது காற்றுதான் வந்தது, அப்புறம் எச்சில், அப்புறம் அழுகை. உதடு கிழிந்து உப்புக் கரித்தது. பிறகு வந்தது சத்தம். என் நெஞ்சுக்குள்ளிருந்து அது வந்ததா, சங்குக்குள்ளிருந்து வந்ததா தெரியாது, விடாமல் ஊதினேன். மேல்பாறையில் சம்மட்டி நின்றது. பக்கத்துக் கரட்டில் ஒவ்வொன்றாகக் குறைந்து, அதுவும் நின்றது. கடைசிக் கரட்டில் ஒரே ஓர் உளி மட்டும் கொஞ்ச நேரம் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

பிறந்ததிலிருந்து பகலில் நான் கேட்டிராத அமைதி அது. தூரத்தில் ஓர் ஆடு கத்துவது கேட்டது.

மூன்று கரட்டு ஆட்களும் இறங்கி வந்தார்கள். அன்றைக்கு லாரி கிளம்பவில்லை. கல்யாணம் ஆகாதவன் என்பதால் அண்ணனைப் புதைத்தோம். சீனு தொரையும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பிடி மண் போட்டார்.

காரியத்துக்கு வந்த ஒறம்பரைச் சொந்தக்காரர்களில் ஒருத்தி என் காது கேட்கவே சொன்னாள்: “சாவுச்சங்க வாயில வெச்ச பையன். இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்: “குடுக்காட்டிப் போறாங்க. எம்பட பெரியவனுக்காக மூணு கரட்டு சனமும் கைய நிறுத்துச்சு. எனக்கு அது போதும்.”

கம்பெனி சீனு தொரையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கிளம்புகிற அன்றைக்கு வீட்டுக்கு வந்தார். அம்மா சேமியாவில் வெல்லமும் பாலும் ஊற்றிக் கொடுத்தாள். முழுதும் சாப்பிட்டார். உப்புக் கேட்கவில்லை. “போய்ட்டு வாரேன் அம்மா,” என்று நம் பேச்சிலேயே சொல்லிவிட்டுப் போனவர், வரவில்லை.

எனக்கு ‘சங்கூதி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சந்தையில், பஸ்சில், நான் முதல் லாரி வாங்கிய அன்றைக்கு டீக்கடையில், ஏன், பெண் பார்க்கப் போன வீட்டிலும் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான், மறு வருசம் பக்கத்துக் கரட்டில் ஓர் ஆள் செத்தபோது, யாரும் சொல்லாமலே உளியைக் கீழே வைத்தார்கள். அன்று முதல் இந்தப் பக்கத்தில் குவாரியில் ஆள் செத்தால் அன்றைக்கு வேலை இல்லை. முதலாளிகள் மாறினார்கள், உளி போய் இயந்திரம் வந்தது, அந்த வழக்கம் மட்டும் நிற்கவில்லை. நானே முதலாளி ஆன பிறகும் நிறுத்தவில்லை.

கல் வியாபாரத்தில் வளர்ந்த பிறகு, இங்கிலீசு தெரியாத நான், கழுத்தில் துண்டோடு இத்தாலிக்குப் போய் வந்தேன். அவர் சொன்ன வெள்ளை மலையைப் பார்த்தேன், ஒரு வாய்க் காப்பி குடித்தேன், சாயங்காலம் சதுக்கத்தில் நானும் சும்மா நடந்தேன். ஜீனோவைத் தெரியுமா என்று கேட்டால் எந்த ஜீனோ என்றார்கள். அந்த ஊரில் நம் பழனியப்பன்கள் மாதிரி அத்தனை ஜீனோக்கள். மலையில் செத்தவர்களின் பெயரையெல்லாம் ஒரு பளிங்குப் பலகையில் வெட்டி வைத்திருந்தார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்துப் பார்த்தேன். அதில் ஒன்று அவருடைய அப்பாவாக இருக்கலாம்.

இப்போது கூகைக்கரடு இல்லை. அது இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம், சுற்றிலும் கம்பிவேலி. நான் நின்று ஊதிய உச்சிப்பாறை துண்டு துண்டாகக் கப்பலேறி, எந்த ஊரில் யார் வீட்டுத் தரையாகக் கிடக்கிறதோ. வெட்டியவர்களில் நானும் ஒருவன், இல்லையென்று சொல்லவில்லை. அம்மா இல்லை. மாரியண்ணன் இல்லை. இப்போதெல்லாம் ஆள் செத்தால் செல்போனில் சேதி போடுகிறார்கள், சங்கு யாரும் ஊதுவதில்லை.

எங்கள் பக்கத்துக் குவாரிக்காரர்கள் ஒன்றுகூடி அந்தப் பள்ளத்தின் கரையில் நினைவுக் கல் நடப் போகிறார்கள். வேலை நிறுத்துகிற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் இத்தாலி தேசத்து ஜீனோ துரை என்று அதில் வெட்டப் போகிறார்களாம். அவர் பெயர் இருக்கட்டும், இருக்க வேண்டும். தம் வேலையைப் பணயம் வைத்து உட்கார்ந்தவர் அவர். ஆனால் உட்கார்ந்ததால் நின்றது ஒரு கல்தான். மூன்று கரட்டையும் நிறுத்தியது சங்கு. கேலியை வருசக்கணக்காகச் சுமந்தவன் நான்.

அந்தக் கல் பாலீஷுக்காக இப்போது என் பட்டறையில்தான் கிடக்கிறது. எழுத்து இன்னும் வெட்டவில்லை. கல் நடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், பாலீஷ் கூலி எனக்கு வேண்டாம். ஜீனோவின் பெயருக்கு மேலே, முதல் வரியில், செத்தவன் பழனியப்பன் என்று வெட்டுங்கள். கடைசி வரியில், சங்கு ஊதினவன் அவன் தம்பி என்று வெட்டுங்கள். ‘சங்கூதி’ என்றே வெட்டினாலும் சரி. அதுவரை கல் என் பட்டறையை விட்டு நகராது.