தேய்ந்த பெல்டின் அளவு

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. நோன்புக்கு ஸஹர் சாப்பிட்டு, சுபஹு தொழுது, ஆறரைக்கு ஹோட்டல் ஸ்டோரைத் திறந்தேன். பெற்றோல் கேன்களைப் பார்த்துக் குறித்தேன். தோட்டக் கையுறைகளை எண்ணி வைத்தேன். ஏழு மணிக்கு, புல்வெட்டும் மிஷினை ஓட்டும் பெண் வந்து சாவி வாங்கிப் போனார்.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். உட்கார்ந்து ஓட்டும் அந்த மிஷினில் ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. மறுநாள் காலை சீகிரியாப் பாறையைப் பார்த்தபடி இருக்கும் மேட்டுப் புல்வெளியை வெட்டிக் காட்டினால் நிரந்தரமாக்குவதாக மெனேஜர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் அந்த வேலை வெளியாட்களுக்குப் போய்விடும்.

கால் மணியில் திரும்பி வந்தார். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, மிஷின் மேட்டுல ஏற மாட்டேங்குது. கத்துது, நகரல."

"நேத்துத்தானே புது பெல்ட் போட்டோம், தங்கச்சி?"

"அதான் எனக்கும் வெளங்கல."

போய்ப் பார்த்தேன். எஞ்சின் சீராக ஓடியது. கத்தியும் சுழன்றது, அதற்குத் தனி பெல்ட். சமதரையில் மிஷின் ஊர்ந்தது, சரிவில் நின்றுவிட்டது.

அதன் ஓட்டம் எளிமையானது. எஞ்சினுக்கு அடியில் ஒரு கப்பி, பின்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள கியர்ப்பெட்டியின் மேல் இன்னொன்று. இரண்டையும் ஒரு பெல்ட் இணைக்கிறது. மிதியை அழுத்தினால் ஸ்பிரிங் பூட்டிய சிறு உருளை விலகி, பெல்ட் தளர்ந்து, மிஷின் நிற்கும். காலை எடுத்தால் உருளை பெல்டை இறுக்கும், சக்கரம் உருளும். பெல்ட் கப்பியின் பள்ளத்தைப் பிடிப்பது தன் இரண்டு சரிந்த பக்கங்களால்தான், அடிப்பாகத்தால் அல்ல.

அவர் டோர்ச்சுடன் அடியில் தலையை நுழைத்தார்.

"நானா, பெல்ட் பள்ளத்துக்கு அடியில போய் ஒக்காந்திருக்கு. பக்கத்துல ஒரசவே இல்ல."

"பழைய பெல்டோட அகலத்தை மூணு தரம் அளந்துதானே வாங்கினேன்!"

வெளியே வந்து சிரித்தார். "பழசு தேஞ்சதாலதானே மாத்துனோம்? தேஞ்சத அளந்து, அதே சைஸுல புதுசு வாங்கியிருக்கீங்க!"

இந்தத் தடவை கப்பிப் பள்ளத்தின் வாயை அளந்தேன். ஆட்டோவில் தம்புள்ளைக்குப் போய் அகலமான பெல்டுடன் மூன்று மணிக்குத் திரும்பினேன். மாட்டி முடிக்கும்போது விருந்தினர் புல்வெளியில் தேநீருக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் மிஷினை ஓட்டக்கூடாது.

"நாளைக்கும் ஏறலன்னா?" என்று தங்கச்சி கேட்டார்.

"பிழை என்னோடதுன்னு மெனேஜர்கிட்ட இப்பவே சொல்லிடுறேன்."

சொன்னேன்.

மறுநாள் காலை, சாவியைக் கொடுத்துவிட்டு நானும் புல்வெளிக்குப் போனேன். மெனேஜர் மேட்டின் உச்சியில் நின்றார், நான் அவர் பக்கத்தில். கீழே தங்கச்சி மிதியிலிருந்து காலை எடுத்தார். மிஷின் ஒரே மூச்சில் ஏறியது. மெனேஜர் அங்கே நின்றபடியே அலுவலகத்துக்குப் போன் செய்து, நியமனக் கடிதத்தை டைப் பண்ணச் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் அது காதில் விழாமல், தங்கச்சி இரண்டாவது வரிசையை வெட்டத் தொடங்கியிருந்தார்.