அக்கா வாசிக்காமல் விட்ட கோடைகாலம்

அக்காவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலருக்கு, அவரை விமான நிலையத்தில் உணவுத் தட்டு அடுக்கியவராகத்தான் தெரியும். ஒன்ராறியோவின் சிறு நகரங்களில் அவரைக் கிற்றார்க்காரியாக அறிந்தவர்கள் அதைவிட அதிகம். அந்த வாழ்க்கையைப் பற்றி எங்கள் குடும்பம் வாய் திறந்ததில்லை. அதற்கு முதற்காரணம் நான். ஆகவே நானே எழுதுகிறேன்.

அக்கா மன்னாரில் பிறந்தவர். எனக்கு எட்டு வயது மூத்தவர். அப்பா இறந்தபின் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அகதியாக ரொறன்ரோ வந்து, ரெக்ஸ்டேலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் எங்களைக் குடியமர்த்தியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. மூன்றாம் வாரமே வேலைக்குப் போய்விட்டார். கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்துப் பழகிய கை அவருடையது. வேலையிடத்தில் பக்கத்தில் நின்ற ரோய் என்பவர் டிரம்ஸ் அடிப்பவர். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் அக்காவைப் புளூஸ் இசை கேட்கக் கூட்டிப்போனார். திரும்பி வந்த அக்கா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, அந்த மனுசன் ஒரு கம்பியை இழுத்துப் பிடிச்சான். ஒப்பாரி மாதிரிக் கிடந்தது. ஆனா ஒருத்தரும் அழேல்லை, எல்லாரும் எழும்பி ஆடினவை."

"பாருக்கோ போனனீ?" என்றுதான் அம்மா கேட்டார்.

இரண்டு வருடத்தில் அக்காவும் ரோயும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குழுவானார்கள். ஹமில்ரன், ஒன்ராறியோவின் லண்டன், சட்பரி என்று பனியிலும் வான் வண்டி ஓட்டிப்போய் வாசித்தார்கள். முதல் இசைத்தட்டை ரோயின் கராஜில் இரண்டு நாளில் பதிவு செய்தார்கள். "முகத்தைப் போடாதை பிள்ளை, தங்கச்சிக்குக் கலியாணம் பேசவேணும்" என்று அம்மா கெஞ்சியதால் அட்டையில் அக்காவின் கைகள் மட்டும் இருக்கின்றன. இரண்டு விரலில் பிளாஸ்ரர். உணவுத் தட்டின் விளிம்பு வெட்டிய காயம். அதில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. நடுவில் ஓரிடத்தில் விரல் சறுக்கும். திரும்ப எடுப்போம் என்று ரோய் சொல்ல, "பஸ் பிந்தினா மனுசர் அப்பிடித்தான் தடுமாறுவினம், கிடக்கட்டும்" என்று அக்கா விட்டுவிட்டாராம்.

பிறகு என் கல்யாணம் வந்தது. மிசிசாகாவில் இருந்த மாப்பிள்ளை வீட்டார், அக்கா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "ஏர்போட்டில வேலை" என்றேன். சில நாளில், மாப்பிள்ளையின் உறவினர் ஒருவர் ஏதோ பாரில் அக்காவின் படம் போட்ட போஸ்டரைக் கண்டார் என்று காதில் விழுந்தது. அன்றிரவே அக்காவிடம் போனேன்.

"அக்கா, என்ரை கலியாணம் முடியுமட்டும் மேடை ஏறாதேங்கோ. இந்த ஒரு கோடை மட்டும்."

அக்கா "ஓம், சரி" என்றார். கல்யாணத்தன்று எனக்குச் சேலை கட்டிவிட்டவரும் அவர்தான்.

பல வருடங்கள் கழித்து, அம்மாவின் இறுதிச் சடங்கன்று, எனக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பில் ரோய் சொன்னார்: அந்தக் கோடையில் ஏரிக்கரையில் நடந்த ஒரு பெரிய இசை விழாவில்தான் இரண்டாவது இசைத்தட்டு வெளிவர இருந்தது. விழாக்காரர் அவர்களை மற்ற மாகாணங்களுக்கும் கூட்டிப்போவதாக இருந்தார்கள். அக்கா மறுத்துவிட்டார். பிறகு அப்படி ஓர் அழைப்பு வரவேயில்லை. இசைத்தட்டுகள் பெட்டியோடு கிடந்தன.

மறுநாள் நான் குடியிருக்கும் விட்பியிலிருந்து நேரே அக்காவிடம் போனேன்.

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா கலியாணத்தைத் தள்ளி வைச்சிருப்பியோ?"

 உண்மையான பதில் 'இல்லை' என்பதுதான். அக்கா தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டே சொன்னார்: "கோவம் இருந்தது. இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். ரண்டு வருசம் இருந்தது. அதிலயிருந்து ரண்டு பாட்டு வந்தது. மூண்டாவது ரெக்கோட்டில கிடக்கு, கேட்டுப்பார்."

அந்த இசைத்தட்டை எப்போதோ தந்திருந்தார். உறை பிரிக்காமலே அந்த சீடி என் கார் லாச்சிக்குள் கிடந்தது. அன்று அவருடைய கட்டடத்துக்குக் கீழே காரில் இருந்து முழுவதையும் கேட்டேன். எந்த இரண்டு பாட்டு என்று பிடிபடவில்லை. எல்லாமே என்னோடு சண்டை பிடித்துச் சமாதானமாகின.

அடுத்த சனிக்கிழமை கணவரோடு அக்காவின் வாசிப்பைக் கேட்கப் போனேன். வழியில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "போஸ்டரைக் கண்டது என்ரை மச்சான்தான். அப்பவே எங்கட வீட்டில எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நீயாச் சொல்லுவாயெண்டு இருந்தனான்" என்றார். ஒருவரும் கேட்காத ஒன்றை அக்காவிடமிருந்து நான் பறித்திருக்கிறேன்.

அன்றுதான் அக்கா மேடையில் வாசிப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டில் குனிந்தே நடக்கும் மனுசி, அங்கே நாரியை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே சுரத்தை விடாமல் இழுத்து நிறுத்தினார்.  பிறகு ஒலிவாங்கியில் குனிந்து, "முன்னுக்கு இருக்கிறது என்ரை தங்கச்சி" என்று தமிழிலேயே சொன்னார். விளங்காவிட்டாலும் எல்லோரும் கை தட்டினார்கள். அதன்பின் நாலு வருடம், ஒரு சனிக்கிழமையையும் நான் விடவில்லை.

ஈரலில் வந்த புற்றுநோய் ஏழு மாதத்தில் அவரைக் கொண்டுபோய்விட்டது. விரல் வீங்கும்வரை வாசித்தார். கடைசி வாரம் பூசை கண்டு, நற்கருணை வாங்கி, நோவில்லாமல் கண்ணை மூடினார்.

அவரை இரவு பகலாகப் பார்த்த தாதியருக்கும், பங்குத் தந்தைக்கும், சட்பரியிலிருந்து பனியில் அடக்கத்துக்கு வந்து நின்ற பெயர் தெரியாத ரசிகர்களுக்கும், தன் தங்கையைப் போல அக்காவைத் தாங்கிய ரோய்க்கும் எங்கள் நன்றி. எல்லோருக்கும் மேலாக, அக்காவோடு தட்டு அடுக்கிய பெண்களுக்கு. அவர் வாசிக்கப் போகவேண்டும் என்று, வருடக்கணக்காகத் தங்கள் சனிக்கிழமை ஓய்வை மாறிக் கொடுத்தவர்கள் அவர்கள். அதை அக்கா போனபின்தான் அறிந்தோம். நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள், கூடப்பிறந்த நான் தடுத்தேன். அக்கா என்னை மன்னித்துவிட்டார். நாங்கள் வாய் திறக்காததால் அவருடைய வாசிப்பைக் கேட்காமலே போன உங்கள் எல்லோரிடமும் இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

தங்கச்சி