ஐந்தாம் தேதி வரும் மெசேஜ்

முத்தியால்பேட்டை வீட்டைக் காலி செய்தபோது ஒரு நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். கேஸ் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு, பேங்க் விலாசம், மகளின் பள்ளிக்கூடம், பால்காரர். ஒவ்வொன்றாக முடித்துக் குறுக்கே கோடு போட்டேன். கணவரை விட்டுப் பிரிந்து மகளோடு கிளம்பியவள் நான். கோர்ட்டு, கேஸு எதுவும் இல்லை. அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அவரோடு எந்த ஒட்டும் உறவும் மிச்சம் இருக்கக் கூடாது என்பதில் அவ்வளவு கறாராக இருந்தேன். பள்ளிக்கூட ஆபீஸில் இருபது வருஷமாகக் கிளார்க்காக இருப்பவளுக்கு எதுவும் தவறாது என்ற திமிர் வேறு.

தவறிவிட்டது. நாலு வருஷம் கழித்து, போன மாதம், என் போனை நோண்டிக்கொண்டிருந்த மகள் கேட்டாள்.

"அம்மா, அஞ்சாம் தேதியானா ரெண்டு இன்சூரன்ஸ் மெசேஜ் வருதே. உனக்கு ஒரு பாலிசிதானே?"

எனக்கு ஒன்றுதான். இன்னொன்று அவருடையது. கூட வேலை பார்த்த டீச்சரின் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். முகத்தை முறித்துக்கொள்ள முடியாமல் எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று அந்தக் காலத்தில் போட்டது. அவருக்கு நிலையான வேலை இல்லாததால் இரண்டுக்கும் என் சம்பளக் கணக்கிலிருந்தே பிடித்தம். அவர் செத்தால் பணம் யாருக்கு என்ற இடத்தில் என் பெயர். மாசாமாசம் மெசேஜ் வரும், படிக்காமலே தள்ளிவிடுவேன். ஒரு மனுஷி எத்தனை மெசேஜைத்தான் படிப்பாள்!

விவரத்தைச் சொன்னேன். "அப்போ அப்பா போயிட்டா உனக்குப் பெரிய அமௌண்ட் வரும்" என்று சிரித்தாள் மகள்.

"வாயக் கழுவுடி" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் யோசித்தேன். இது வெளியே தெரிந்தால் புருஷன் சாவுக்குக் காத்திருக்கிறாள் என்பார்கள். இல்லாவிட்டால், பாவம், இன்னும் அவரை மனசில் வைத்திருக்கிறாள் என்பார்கள். முதலாவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இரண்டாவது என்னால் முடியாது.

பேங்கில் எழுதிக் கொடுத்துப் பிடித்தத்தை நிறுத்தியாயிற்று. பாலிசிப் பத்திரம் மட்டும் என் பீரோவில் இருந்தது. தபாலில் அனுப்பினால் விளக்கம் கேட்டு வாசலில் வந்து நிற்பார். கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, ஆபீஸ் புத்தி. நேரிலேயே கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்த கையோடு கிளம்பினேன். காலிரண்டும் வீங்கியிருந்தன. பஸ்ஸில் உட்கார இடமில்லை. விட்டுவந்த மனுஷனுக்காக இன்னும் அலைய வேண்டியிருக்கிறதே என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

பெரிய மார்க்கெட்டில் அவருடைய அக்கா மகன் வெங்காயக் கடை வைத்திருந்தான். அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. பத்திரத்தை நீட்டினேன்.

"இது உங்க பாலிசி. என் கணக்குலேர்ந்து போய்க்கிட்டிருந்துச்சு. நிறுத்திட்டேன். இனிமே கட்டறதும் விடறதும் உங்க இஷ்டம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இத்தினி வருசமா நீயா கட்டினே?" என்று கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சுரீரென்றது. அதற்குள் பக்கத்தில் பூண்டு விற்கிற அம்மாவிடம் திரும்பிவிட்டார்.

"பாத்தியாக்கா? பிரிஞ்சி போயும் எனக்கோசரம் கட்டினு வந்திருக்குது."

அந்த அம்மா ஏதோ கற்புக்கரசியைக் கண்டதுபோல என்னைப் பார்த்து, "பொம்பள மனசு அப்பிடித்தாம்பா" என்றாள். ஐயோ! எதற்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்தேனோ அதுவே நட்ட நடு மார்க்கெட்டில் நடக்கிறது.

"நீங்களா ஒண்ணு நெனச்சுக்காதீங்க. நிறுத்த மறந்துட்டேன். அவ்ளோதான்."

அவர் சிரித்தார். "நீயா? நீ மறக்கிற ஆளா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் சண்டையே அதுதான். எனக்குத் தெரியாமல் என் வளையலை அடகு வைத்தது, மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிப் பக்கமே வராதது, என் அம்மாவின் சாவு வீட்டில் குடித்துவிட்டு வந்து நின்றது, எல்லாவற்றையும் தேதியோடு சொல்லிக் காட்டுவேன். "எதையாச்சும் மறந்து தொலையேன்டி" என்று அவர் கெஞ்சிய நாளும் உண்டு, கையை ஓங்கிய நாளும் உண்டு.

"சத்தியமா மறந்துட்டேன்" என்றேன். "மாசாமாசம் மெசேஜ் வந்துச்சு. இது உங்களுதுன்னு ஒரு தடவகூடத் தோணல."

"ஒரு மாசம்கூடவா?"

"ஒரு மாசம்கூட."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பத்திரத்தை மடித்தார். மடித்ததையே மறுபடியும் மடித்தார். பூண்டுக்கார அம்மா ஏதோ வேலையிருப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த மனுஷனை ஒரு நாளாவது வாயடைத்து நிற்க வைக்க வேண்டும் என்று எத்தனை நாள் பல்லைக் கடித்திருப்பேன். வைத்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை. கால்தான் வலித்தது.

"ஒக்காரு. காலு வீங்கிக் கெடக்குது" என்றார்.

இந்தத் தடவை உட்கார்ந்துவிட்டேன். வெங்காயச் சருகைக் காலால் ஒதுக்கினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்த வளையலு... ஆஸ்பத்திரி... அதெல்லாமும் மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"இல்ல. அதெல்லாம் ஞாபகம் இருக்கு."

பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"அதுனாச்சும் இருக்குதே" என்றார்.