அப்பா மாற்றப் போன மாம்பழம்

எங்கள் அப்பா பாண்டி பஜாரில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். எந்தக் குறைக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், கொண்டுபோய் மாற்றிவிடுவது. சாயம் போனால் மாற்று, இழை விட்டிருந்தால் மாற்று. எழுபதுகளில் ஒரு வைகாசி மாதம் அந்த வைத்தியத்தை மாம்பழத்திடம் காட்டப் போனார்.

அம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறம் புற்று வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கரண்டு வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து, அனுப்பியிருந்தார்கள். கட்டி கரைந்துவிட்டது, கூடவே நாக்கின் ருசியும் போய்விட்டது. சோறு, குழம்பு, பால், எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவைத்தாள். மாம்பழம் என்றால் உயிரை விடுகிறவள். "ஒரு பழம் வாங்கிட்டு வாங்க, அதாவது இறங்குதான்னு பாப்போம்" என்று அவளே வாய்விட்டுக் கேட்டதும் அப்பா பை நிறைய வாங்கி வந்தார். ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள்.

"இதுவும் மண்ணுதான்" என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது.

அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். மீதிப் பழங்களோடு நான் பின்னால் ஓடினேன். பனகல் பூங்கா ஓரத்துப் பழக்காரம்மாவிடம், "பழத்துல ருசியே இல்ல. மாத்திக் குடும்மா" என்றார்.

"நீ துன்னியா நைனா?"

அப்பா தின்றிருக்கவில்லை. வீட்டில் உடம்பு சரியில்லாதவள் சொன்னாள் என்றார். பழக்காரம்மா பையிலிருந்தே ஒன்றை எடுத்து அறுத்து என்னிடம் நீட்டினாள். "கொயந்தைய கேளு. அது பொய் சொல்லாது."

கடித்தேன். சாறு முழங்கை வரை வழிந்தது. "இனிக்குதுப்பா" என்று சொன்ன பிறகுதான், அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று பட்டது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. மாற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கும். பழங்களை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். வழியில், "அம்மாட்ட புளிக்குன்னு சொல்லு, என்னா? இந்த வருசம் எங்கயுமே பழம் சரியில்லன்னு சொல்லிருவோம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒப்பித்தேன். "பழம் புளிக்குதும்மா. ரொம்பப் புளிப்பு."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, "ஏட்டி, இங்க வா" என்றாள். இரண்டு கையாலும் என் முகத்தை ஏந்தி, மூக்கை என் வாயருகே கொண்டுவந்து, கண்ணை மூடி மோந்துகொண்டே இருந்தாள். "கொஞ்சம் வாயத் தொறயேன்" என்றாள் மெதுவாக.

அம்மா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. மாம்பழக் காலம் வந்தால் அந்தக் கைகளுக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன். நாக்கு கைவிட்டாலும் அவளுக்கு மூக்கு மிச்சமிருந்தது என்பதோ, அந்த வருஷத்து மாம்பழத்தை அவள் என் மூச்சில் தேடினாள் என்பதோ எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் மோந்து பார்க்கிறாள் என்று பயந்து, உதட்டை இறுக்கி மூச்சை அடக்கிக்கொண்டேன்.