செருப்பைக் கையில் பிடித்த தடம்

ஏற்காடு பஸ்ஸின் ஜன்னல் வழியே காப்பிப் பூ வாசம் வந்ததும் என் கால்கள் தாமாகவே செருப்பைக் கழற்றிவிட்டன. நாகலூரிலிருந்து எஸ்டேட்டுக்குள் புகுந்து மாதா கோயிலுக்குப் போகும் மண் தடத்தில் ஞாயிறுதோறும் அப்படித்தான் நடப்போம். சேறு படக்கூடாதென்று செருப்பைக் கையில் பிடித்து, ஈரக் காப்பி இலைகள் முழங்கையில் உரச, முன்னே போகும் அம்மாவின் செபமாலை முணுமுணுப்பைத் தொடர்ந்தபடியே நடந்து, கோயிலுக்குக் கீழே ஓடும் ஓடையில் காலைக் கழுவி, ஈரத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு படியேறுவோம். சேர்வராயன் கோயிலுக்குப் போகிற மலைக்காரர்கள் எதிர்ப்பட்டால் கேலிதான்.

"ஏனுங்க, செருப்பு கைக்கு வாங்குனதுங்களா?"

"காலு கூடவே பொறந்ததுங்க, செருப்புத்தான் காசு குடுத்து வாங்குனது!" என்பாள் அம்மா.

எஸ்டேட் கைமாறியது. தடத்தை மறித்து ரிசார்ட்டின் மதில் எழும்பியது. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவிடம் அதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் வாய் வரவில்லை. அவளுடைய சவப்பெட்டியை வேனில் ஏற்றி, அந்த மதிலைச் சுற்றித் தார் ரோட்டிலேயே கோயிலுக்குக் கொண்டுபோனோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் என் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"என்னைய பஸ்ஸு ரோட்டுல கொண்டு போயிராத கண்ணு. நம்ம தடத்துலயே தூக்கிட்டுப் போங்க. ஓடைகிட்ட வந்ததும் என் காலக் கழுவி உட்டுரு சாமி."