ஆரணி பிடித்த வேலி

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். கரண்ட் வேலை செய்கிறவனுக்குப் பயப்பட அந்தக் கரண்ட் ஒன்றே போதும். நீங்கள் நம்பாவிட்டாலும் குறையில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வட்டக்கச்சியில் ஒரு வீட்டில் கிணற்று மோட்டர் சரியாக இழுக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். தவமலர் என்றொரு தங்கச்சி, அவளுடைய சின்ன மகள் ஆரணி, இரண்டே பேர்தான். கணவன் போன மாரியில் எலிக்காய்ச்சலில் போய்விட்டான். இரவு முழுக்க மழை பெய்து ஓய்ந்த காலை, வளவெல்லாம் வெள்ளம்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற பிழையைத்தான் தவமலரின் கணவனும் செய்திருந்தான். சண்டை முடிந்து மீளக் குடியேறிய புதிதில், வீட்டுக்கு இழுத்து மிஞ்சிய வயரை வீணாக்க மனமில்லாமல் முள்ளுக்கம்பி வேலியோடு சேர்த்துக் கட்டிக் கிணறுவரை கொண்டுபோயிருந்தான். சுவருக்குள் இருக்க வேண்டிய வயர் அது. வருசக்கணக்காக வெயில் குடித்தால் மேலுறையின் பசை வற்றி, பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடும். கட்டையால் தட்டினேன், பொருபொருவென்று கொட்டியது. உள்ளே இருந்த செப்புக்கம்பி வேலியில் முட்டிக்கொண்டு கிடந்தது. கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதையும் தவிர்த்து நேரடியாகவே மோட்டருக்குக் கொடுத்திருந்தான். டெஸ்டரை வேலியில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது.

நிமிர்ந்தால், ஒரு கை தூரத்தில் ஆரணி. கணுக்கால் அளவு வெள்ளத்தில் வெறுங்காலோடு நின்று, அதே கம்பியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மெயினை நிறுத்த ஓடினேன், சேற்றில் சறுக்கி என் முழங்கை வேலியில் பட்டது. சப்பாத்துப் போட்டிருந்த என்னையே தூக்கி எறிந்தது, வாயெல்லாம் இரத்தம். அவளோ கம்பியை விடவே இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் பயந்ததில்லை. எப்படியோ தவழ்ந்து போய் மெயினை நிறுத்தினேன்.

"உனக்கென்ன விசரே? பிள்ளை செத்திருப்பாள்!" என்று தாயைப் பார்த்துக் கத்தினேன்.

தவமலர் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "ஐயோ அண்ணை, தேப்பன் செத்த நாளிலையிருந்து ஒவ்வொரு நாளும் காலமை அதைப் பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறவள்!"

பிள்ளையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். ஒரு சிவப்பு அடையாளம்கூட இல்லை.

அன்றைக்கே பழைய வயர் முழுவதையும் அறுத்தெறிந்துவிட்டு, குழாய்க்குள் புதுக் கேபிள் போட்டு மண்ணுக்குள் தாட்டேன். ட்ரிப் சுவிட்சையும் ஒழுங்காகப் பூட்டி மெயினைப் போட்டேன். வேலியில் டெஸ்டர் எரியவில்லை. இனி அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று மனது ஆறியது.

சாமான்களை எடுத்து வைக்கும்போது ஆரணி வந்து அதே இடத்தில் கை வைத்தாள். கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப அப்பா கையைப் பிடிக்கிறாரில்லை, மாமா."

திரும்பச் செய்யச் சொன்னாலும் அந்த வேலையை அப்படியேதான் செய்வேன். ஆனாலும் அந்த ஒழுங்கையால் போகும்போதெல்லாம் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்க்கிறாள். கூப்பிட்டாலும் கதைப்பதில்லை.